வரிசைப் பலகையும் கல்வெட்டும்: எல்லைத் தமிழின் பேச்சுத் தரவகத்தை எதில் வைப்பது?

(நீண்ட பதிவு. மொழித்துறை ஆய்வாளர்களையும், அவர்களுக்கு மென்பொருள் எழுதித்தரும் நண்பர்களையும் மனத்தில் கொண்டு எழுதியது.)

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பேசப்படும் தமிழைப் பதிவுசெய்து தரவகம் அமைக்க வேண்டும் என்று யாரேனும் தொடங்கினால், உடனே ஓர் அறிவுரை வந்துவிடுகிறது: “ஃபயர்பேஸில் போட்டுவிடுங்கள், ஒரே மாலையில் செயலி தயாராகிவிடும்.” ஆய்வுத்திட்ட முன்மொழிவுகளில் இது ஒரு வரியாக இடம்பெறுகிறது. நெறியாளர்கள் அதைக் கடந்துபோகிறார்கள். மதிப்பீட்டுக் குழுக்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. மாதிரி அளவைக் குறித்து அரை மணி நேரம் விவாதிக்கும் நாம், அந்த மாதிரி எந்த வடிவில் சேமிக்கப்படும் என்பதை ‘கணினிக்காரர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பதிவு அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. பேச்சுத் தரவை எந்தத் தரவுத்தளத்தில் வைப்பது என்பது மொழியியல் முடிவு. எந்தக் கேள்வியை நாளை கேட்க முடியும், எதைக் கேட்கவே முடியாது என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நிகழ்நேரத் தளம் தரவகத்துக்கு உரிய இடமன்று. உறவுநிலை அட்டவணைகளில் அமைந்த போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளமே உரியது. அதனைச் சேவையகமற்ற முறையில் வாடகைக்கு எடுப்பது இன்றைய ஏழை ஆய்வாளருக்குக் கைகூடும் வழி.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஃபயர்பேஸ் 2012-இல் வெளிவந்தது. 2014-இல் கூகுள் அதை வாங்கியது. அதன் முதல் தரவுத்தளம் முழுவதும் ஒரே ஜேசான் மரம். ஒருவர் கிளையொன்றை மாற்றினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அனைவரின் திரையிலும் மாற்றம் உடனே தெரியும். 2017-இல் அறிமுகமான ஃபயர்ஸ்டோர், அந்த மரத்தை ஆவணங்களாகவும் தொகுப்புகளாகவும் பிரித்தது. உள்நுழைவு, கோப்புச் சேமிப்பு, அறிவிப்பு எல்லாம் கூடவே கிடைப்பதால் இதனைப் ‘பின்புலத் தளம்’ என்கிறோம்.

சேவையகமற்ற தரவுத்தளம் என்பதில் சேவையகம் இல்லாமலில்லை. அதைப் பராமரிக்கும் வேலை நம்முடையதன்று. பயன்படுத்தாத நேரத்தில் அது உறங்கிவிடும் என்பதே பொருள். நியான் நிறுவனம் போஸ்ட்கிரஸைக் கணிப்புப் பகுதியாகவும் சேமிப்புப் பகுதியாகவும் பிரித்து இதைச் செய்கிறது. இலவசத் திட்டத்தில் ஐந்து நிமிடம் யாரும் அணுகாவிட்டால் கணிப்புப் பகுதி நின்றுவிடும். அடுத்த கேள்வி வந்ததும் விழித்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸின் வேர் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்தில் இருக்கிறது. அதன் கோட்பாட்டு வேர் 1970-இல் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்கத் திருமலையே போதும். அங்கே இருவகைத் தகவல்கள் உள்ளன. ஒன்று, வைகுண்டம் வரிசை வளாகத்தில் எத்தனை கூடங்கள் நிரம்பியிருக்கின்றன, தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற தகவல். அது ஒரு மணி நேரத்தில் பழசாகிவிடும். பழசானால் யாருக்கும் வேண்டியதில்லை. புதிது உடனே தெரியவேண்டும். மற்றொன்று, கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் தேவஸ்தானம் அவற்றை 1930-களில் தொகுதிகளாக அச்சிட்டது.

அந்தக் கல்வெட்டுகளைப் பொறித்தவர்களுக்கு ஒரே நோக்கம்தான்: யார் எவ்வளவு கொடுத்தார், அதிலிருந்து எந்தப் படையல் நடக்கவேண்டும், பிரசாதத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு. 1960-இல் பர்ட்டன் ஸ்டைன் அதே கல்வெட்டுகளிடம் வேறொரு கேள்வி கேட்டார்: கொடையாக வந்த பணம் பாசன வேலைகளில் எவ்வாறு முதலீடானது, கோயில் ஒரு பொருளாதார நிறுவனமாக எப்படி இயங்கியது? பொறித்தவர் நினைத்தும் பார்த்திராத கேள்வி அது. விடை கிடைத்தது. ஏனெனில் கொடையாளி, தொகை, ஊர், நாள், படையல் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து வேறு வரிசையில் அடுக்கத்தக்க வகையில் பதிவாகியிருந்தன.

நிகழ்நேரத் தளம் வரிசைப் பலகைக்காகப் பிறந்தது. பேருந்து எங்கே வருகிறது, எதிராளி தட்டச்சு செய்கிறாரா, விளையாட்டில் யார் முன்னிலை என்பவற்றுக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. பேச்சுத் தரவகமோ கல்வெட்டின் இனம். அதன் மதிப்பு, அதைத் தொகுத்தவர் எண்ணாத கேள்விகளில் இருக்கிறது.

ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

இது எளிய கேள்வி என்று நினைப்போர் இந்த எல்லையில் களப்பணி செய்யாதவர்கள். சத்தியவேட்டில் 1950-இல் பிறந்த ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தபோது அவ்வூர் சென்னை மாகாணமாயிருந்து அவ்வாண்டே சென்னை மாநிலமான நிலப்பரப்பில், செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றப்பட்டபோது அது ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அம்மூதாட்டி வீட்டைவிட்டு நகரவே இல்லை. மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். அதே ஆண்டு திருத்தணியில் பிறந்தவரின் கதை இதற்கு எதிர்த்திசை: சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலம், 1956-இல் ஆந்திரப் பிரதேசம், 1960-இல் மீண்டும் சென்னை மாநிலம், இன்று திருவள்ளூர் மாவட்டம்.

மொழியியலாளருக்கு இது வெறும் முகவரிச் சிக்கலன்று. பள்ளியில் எந்த மொழி பயிற்றுமொழியாக இருந்தது, அலுவலகத்தில் எந்த மொழியில் மனு எழுதினார்கள், பேருந்துப் பலகையில் எந்த எழுத்து இருந்தது என்பவை இந்த நாள்களோடு பிணைந்தவை. ஒருவரது பேச்சில் தெலுங்கு எவ்வளவு, எப்படிக் கலந்திருக்கிறது என்பதை அவர் பிறந்த ஆண்டோடும், அவ்வாண்டில் அவர் ஊர் இருந்த மாநிலத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ஆவண வடிவத் தளத்தில் வழக்கமாக என்ன செய்வார்கள்? அங்கே வழக்கமான வினவலில் இரண்டு தொகுப்புகளை இணைத்துக் கேட்க முடியாது. ஆகவே வேண்டியதையெல்லாம் ஒரே ஆவணத்தில் நகலெடுத்து வைப்பதே அத்தளத்தின் முறை. ஒவ்வொரு கூற்றின் ஆவணத்திலும் பேசியவர் பெயர்க்குறி, வயது, ஊர், மாவட்டம் எல்லாம் மீண்டும் மீண்டும் எழுதப்படும். 2021-இல் தொகுத்த ஒரு தரவகத்தில் ‘மாவட்டம்: சித்தூர்’ என்பது ஓராயிரம் ஆவணங்களில் இருக்கும். மறு ஆண்டு மாவட்டம் பிரிந்ததும் எதைத் திருத்துவது? திருத்தினால் பதிவுசெய்த நாளின் உண்மை அழிகிறது. திருத்தாவிட்டால் இன்றைய வரைபடத்தோடு பொருந்தவில்லை. பாதி ஆவணங்களைத் திருத்திவிட்டு நிறுத்தினால், அதுதான் பெரும்பாலும் நடப்பது, இரண்டுமில்லை.

அட்டவணை முறையில் ஊர் ஒரு வரி. அவ்வூர் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது வேறோர் அட்டவணையில் மூன்று வரி. பேசியவர் ஒரு வரி. கூற்று ஒரு வரி. ‘பிறந்த நாளில் எந்த மாவட்டம்’, ‘பதிவு நாளில் எந்த மாவட்டம்’, ‘இன்று எந்த மாவட்டம்’ ஆகிய மூன்றையும் ஒரே தரவிடம் கேட்கலாம். எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஃபயர்ஸ்டோரிலும் ஊர்களுக்குத் தனித் தொகுப்பு வைத்து அடையாள எண்ணால் சுட்டலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் இணைக்கும் வேலையை நாமே நிரலாக எழுதவேண்டும். அந்த நிரல் முனைவர் பட்டம் முடிந்ததும் எழுதியவரோடு போய்விடும்.

‘ஊரு’ தமிழா, தெலுங்கா?

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. சித்தூரில் ஒருவர் ‘ஊரு’ என்கிறார், ‘பாலு’ என்கிறார், ‘காலு’ என்கிறார். பேச்சுத் தமிழிலும் அவை அப்படித்தான், தெலுங்கிலும் அப்படித்தான். இரு மொழியும் ஒரே வாயில் புழங்கும் இடத்தில் இச்சொல்லுக்கு ‘மொழி’ என்ற கட்டத்தில் என்ன நிரப்புவது? அடுத்து வரும் உருபு ‘-ல’ என்றால் ஒரு முடிவு, ‘-லோ’ என்றால் வேறு முடிவு, உருபே இல்லாவிட்டால் முடிவில்லை. ஒரு குறிப்பாளர் தமிழ் என்பார், மற்றவர் தெலுங்கு என்பார், மூன்றாமவர் இரண்டும் என்பார். வடதமிழகத்தோடு தொடர்புடைய பேச்சில் ழகரத்தை ஒருவர் யகரமாகக் கேட்பார், இன்னொருவர் ளகரமாகக் கேட்பார். இந்தக் கருத்து வேறுபாட்டைப் பிழையென்று ஒதுக்க முடியாது. நமது ஆய்வின் முதன்மைத் தரவே அதுதான்.

நிகழ்நேரத் தளத்தின் இயல்பு, கடைசியாக எழுதியவர் வெல்வது. இருவர் ஒரே கட்டத்தைத் திருத்தினால் பின்னவருடையது நிற்கும். முன்னவருடையது ஓசையின்றி மறையும். அரட்டைச் செயலிக்கு இது பொருத்தமே. தரவகத்துக்கு இது நஞ்சு. திரையில் எல்லாம் ஒருமித்துத் தெரியும். அந்த ஒருமிப்பு கருவி உண்டாக்கியதென்பது ஆய்வேட்டைப் படிப்பவருக்குத் தெரியாது. வரலாற்றையும் சேமிக்கும்படி அங்கே வடிவமைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் தளம் தானாகத் தரும் எளிமையை அதற்காக விட்டுக்கொடுக்கவேண்டும். எதற்காக அதைத் தேர்ந்தோமோ அதையே கைவிட்டபின் அங்கு ஏன் இருக்கவேண்டும்?

அட்டவணையில் சொல் ஒரு வரி. அதற்கு ஒருவர் தரும் குறிப்பு வேறொரு வரி. அதில் குறிப்பாளர், நாள், காரணம். மூவர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்று வரி. எந்தச் சொற்களில் குறிப்பாளர்கள் அதிகம் வேறுபடுகிறார்கள் என்பதை ஒரே வினவலில் பெறலாம். அந்தப் பட்டியலே ஓர் ஆய்வுக்கட்டுரைக்குத் தொடக்கம்.

கணக்கும் அகரவரிசையும்

ஒரு மதிப்பீடு போட்டுப் பார்ப்போம். 200 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், மணிக்கு 5,000 சொற்கள் என்று கொண்டால் தரவகத்தில் 10 லட்சம் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆவணம் என்றால், ஃபயர்ஸ்டோரின் இலவச வரம்பான நாளொன்றுக்கு 50,000 வாசிப்பில் தரவகத்தை ஒருமுறை முழுமையாகப் படிக்க 20 நாள் ஆகும். அங்கே கட்டணம் வாசிக்கும் ஆவணங்களின் எண்ணிக்கைக்கு. மொழியியலாளரோ ஒரே தரவகத்தை நூறு முறை, நூறு விதமாகப் படிப்பவர். ஒவ்வோர் ஐயத்துக்கும் கட்டணம் என்றால் ஐயப்படுவதையே குறைத்துக்கொள்வோம். ‘எத்தனை’ என்று எண்ணிச் சொல்லும் வசதிகூட அங்கே 2022-இல்தான் வந்தது.

சரி, ஒரு பதிவு முழுவதையும் ஒரே ஆவணமாக்கினால்? ஆவணத்தின் உச்ச அளவு ஒரு மெபிபைட். தமிழ் ஒருங்குறியின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ஒலிபெயர்ப்பு, உருபன் பிரிப்பு, பொருள், தெலுங்கு இணை, நேரக்குறி என்று அடுக்கடுக்காக எழுதினால் வரம்பு தொலைவில் இல்லை. அதற்குள் அடங்கினாலும், ஆவணத்தின் உள்ளே உள்ள ஒரு சொல்லின் நடுப்பகுதியைத் தேட வழக்கமான வினவலில் வழியில்லை. ‘-லோ’ என்று முடியும் சொற்களைக் கொடு என்று கேட்க முடியாத தரவகம் யாருக்கு?

இனி, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. ரகரத்தை அடுத்து றகரம். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஜகரம். தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி இரண்டு. ஃபயர்ஸ்டோர் சொற்களைப் பைட் வரிசையில் அடுக்கும். அங்கே தமிழ் அகராதி தமிழ் வரிசையில் வராது. போஸ்ட்கிரஸில் 2017 முதல் மொழிவாரி வரிசைமுறையைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. தமிழைத் தேர்ந்தால் தமிழ் வரிசை கிடைக்கும்.

இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரு வகையில் எழுதலாம். ககரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்று. அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு. பல விசைப்பலகைகளிலிருந்து தட்டச்சு செய்த தரவில் இரண்டும் கலந்திருக்கும்; தேடினால் பாதிதான் அகப்படும். போஸ்ட்கிரஸில் 2020 முதல் இதை ஒழுங்குபடுத்தத் தனிச் செயற்கூறு உள்ளது. தவறான வடிவம் உள்ளே நுழையவிடாமல் வாசலிலேயே தடுக்கும் விதியும் எழுதலாம். 2019 பதிப்பு முதல் தமிழுக்கான வேர்ச்சொல் பகுப்பானும் அதில் இருக்கிறது. அது முழுமையானதன்று, பேச்சுத் தமிழுக்குப் போதாது. ஆயினும் தமிழ் என்றொரு மொழி இருப்பது அந்தத் தரவுத்தளத்துக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள்

நேர்மையாகச் சொல்லவேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, இணைப்பற்ற இடங்களில் வேலை செய்யும் திறன். சமிக்ஞை இல்லாத ஊரில் கைப்பேசியில் பதிந்தால் ஃபயர்ஸ்டோர் அதைக் கருவியிலேயே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் மேலேற்றும். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இது இயல்பாகவே இயங்குகிறது. நியான் போன்றவற்றில் இது இல்லை. இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது சேகரிக்கும் கருவியைப் பற்றிய வாதம். சேமிக்கும் இடத்தைப் பற்றியதன்று. கைப்பேசியில் எஸ்க்யூலைட் கோப்பில் பதிந்து, மாலையில் விடுதிக்கு வந்து, சரிபார்த்து, பிறகு தரவகத்தில் ஏற்றலாம். அந்தச் சரிபார்ப்பு நேரம் தடையன்று, களப்பணியின் பகுதி. ஊர்க்குறிப்பேட்டை அன்றன்றே படியெடுத்துத் திருத்தும் பழைய ஒழுங்கு அதுதான்.

இரண்டாவது, மொழித் தரவே மரவடிவமானது என்ற வாதம். ஈலானில் குறிப்பு அடுக்குகள் தாய், சேய் என்று தொங்குகின்றனவே, அது ஜேசான் மரந்தானே என்பார்கள். ஒரு பதிவு மரம்தான். ஆயிரம் பதிவுகள் சேர்ந்தால் அது மரமன்று. ஒரே சொல் பல பதிவுகளில், ஒரே ஆள் பல உரையாடல்களில், ஒரே ஊர் பல ஆட்களில் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கிடக்கும். உலக மொழிகளின் ஒப்பீட்டுத் தரவுக்கென 2018-இல் முன்வைக்கப்பட்ட சிஎல்டிஎஃப் வடிவம் எளிய அட்டவணைக் கோப்புகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் தேர்ந்தது தற்செயலன்று. ஃபயர்பேஸே 2024-இல் போஸ்ட்கிரஸ் மேல் அமைந்த ‘டேட்டா கனெக்ட்’ என்ற சேவையை அறிவித்தது. மரம் எல்லாவற்றுக்கும் போதும் என்று தளத்தைக் கட்டியவர்களே சொல்லவில்லை. நாம் ஏன் சொல்கிறோம்?

மூன்றாவது, எளிமை. எஸ்க்யூஎல் கற்கவேண்டும், அட்டவணைகளைத் திட்டமிடவேண்டும், அதற்கு நேரமில்லை என்பது. ஒலியன், மாற்றொலி, உருபன், பங்கீடு என்று பயின்ற ஒருவருக்கு அட்டவணையும் உறவும் புரியாதென்பது நம்பத்தக்கதாக இல்லை. ஒரு துறையின் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வாரம் போதும். எது ஒரு பொருள், எது அதன் பண்பு, எது இரண்டின் உறவு என்று பிரித்து எழுதும் அந்தப் பயிற்சியே ஆய்வு வடிவமைப்பின் பாதி. நிகழ்நேரத் தளம் அந்த நேரத்தை நமக்கு மிச்சப்படுத்துவதில்லை, பின்னுக்குத் தள்ளுகிறது. ஆய்வேட்டின் கடைசி ஆண்டில், வட்டியோடு, அது திரும்பி வரும்.

சேவையகமற்றதும் சாசுவதமன்று

இங்கே என் தரப்பினரையும் எச்சரிக்கவேண்டும். ‘சேவையகமற்றது’ என்ற பெயரில் மயங்குவது இன்னொரு மூடநம்பிக்கை. ஃபானா என்ற சேவையகமற்ற தரவுத்தளம் 2025 மே மாதத்துடன் சேவையை நிறுத்தியது. பிளானட்ஸ்கேல் 2024 ஏப்ரலில் தன் இலவசத் திட்டத்தைக் கைவிட்டது. நியானை 2025-இல் டேட்டாபிரிக்ஸ் வாங்குவதாக அறிவித்தது. புதிய உரிமையாளர் நாளை என்ன செய்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை. மறுபக்கத்திலும் இதே கதைதான்: ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய பார்ஸ் என்ற பின்புலத் தளம் 2017 ஜனவரியில் மூடப்பட்டது, மாங்கோடிபியின் கைப்பேசி ஒத்திசைவுச் சேவை 2025 செப்டம்பருடன் முடிந்தது. நம் முனைவர் பட்டம் ஐந்தாண்டு. தரவகம் ஐம்பதாண்டு இருக்கவேண்டியது. நிறுவனங்களின் ஆயுள் இவ்விரண்டோடும் ஒப்பந்தம் போடவில்லை.

ஆகவே உண்மையான கேள்வி, வெளியேறும் வாசல் எப்படி இருக்கிறது என்பது. போஸ்ட்கிரஸிலிருந்து ஒரு கட்டளையில் முழுத் தரவும் எளிய எழுத்துக் கோப்பாக இறங்கும். அதை வேறெந்தப் போஸ்ட்கிரஸிலும், நம் மேசையின் பழைய கணினியில்கூட, ஏற்றலாம். நியான் நாளையே மூடினாலும் போஸ்ட்கிரஸ் மூடாது. ஃபயர்ஸ்டோரின் முறையான ஏற்றுமதிக்கு முதலில் கட்டணக் கணக்கு வேண்டும். கிடைப்பது கூகுளின் சேமிப்பகத்தில் லெவல்டிபி பதிவு வடிவக் கோப்பு. அதைத் திறந்து கண்ணால் படிக்க முடியாது. குடிபுக இலவசம், வெளியேறக் கட்டணம் என்ற வீட்டில் அறிவாளிகள் குடியேறக் கூடாது.

இதே அளவுகோல் இரட்டை எதிர்ப்பையும் கரைக்கிறது. 2020-இல் தொடங்கிய சூபாபேஸ் ஒரு நிகழ்நேரப் பின்புலத் தளம். ஆனால் அடியில் இருப்பது போஸ்ட்கிரஸ். பலர் ஒரே நேரத்தில் ஒலிபெயர்க்கும் திட்டத்துக்கு அது பொருந்தும். (இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் தொடாவிட்டால் நிறுத்திவைத்துவிடுவார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள், தேர்வு விடுமுறையில் மறந்துவிடுவீர்கள்.) நிகழ்நேரம் பகையன்று, அதற்காக உறவுகளை விற்பதே பகை.

ஒப்புதல் என்ற கடமை

கடைசியாக, நம் தரவு கல்வெட்டிலிருந்து வேறுபடும் ஓரிடம். கல்வெட்டின் கொடையாளி இன்று இல்லை. நம் மூதாட்டி இருக்கிறார். அவர் தம் குரலைத் தந்திருக்கிறார். குடும்பச் சண்டையையும் நிலத் தகராறையும் நம்மை நம்பிப் பேசியிருக்கிறார். நாளை ‘அதை எடுத்துவிடு கண்ணு’ என்றால் எடுக்கவேண்டும். 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆய்வுக்கு அதில் விலக்குகள் உண்டு; அறத்துக்கு விலக்கு இல்லை. ஒரே தகவலை ஆயிரம் ஆவணங்களில் நகலெடுத்தபின், எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம் என்று எதைக் கொண்டு சொல்வோம்? அட்டவணையில் அவர் ஒரு வரி. அதை நீக்கினால் அதைச் சார்ந்த கூற்று, சொல், குறிப்பு யாவும் கூடவே நீங்கும்படி விதி எழுதலாம். நீங்கியதைச் சரிபார்க்கவும் செய்யலாம்.

காவலும் அவ்வாறே. ஃபயர்பேஸைச் ‘சோதனை நிலையில்’ தொடங்கினால் முப்பது நாள் யாரும் படிக்கலாம், எழுதலாம். பலர் அந்த நிலையிலேயே களத்துக்குப் போகிறார்கள். போஸ்ட்கிரஸ் தளங்களிலும் வரிநிலைப் பாதுகாப்பை இயக்க மறந்தால் இதே கேடு வரும். எந்தத் தளமானாலும், பெயர், ஊர், ஒலிக்கோப்பு மூன்றும் ஒரே இடத்தில் ஒரே திறவுகோலில் இருக்கக் கூடாது. ஒலிக்கோப்புகளைத் தரவுத்தளத்துக்குள் வைக்கவே வேண்டாம். நாம் மேலே போட்ட 200 மணி நேரம், தரமான ஒற்றைத் தட ஒலியில் ஏறத்தாழ 69 ஜிகாபைட். அதற்கு நிறுவனத்தின் சேமிப்பகமும் இரண்டு வன்தட்டுகளும் தேவை. தரவுத்தளத்தில் கோப்பின் பெயரும் நேரக்குறியும் போதும்.

வேண்டுகோள்

திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் திருப்பதியில் ஐஐடியும் உண்டு. மொழியறிந்தவரும் கணினியறிந்தவரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் இடம் இது. இங்கே தரவகம் தொடங்கும் ஒவ்வொருவரும் முன்மொழிவில் ஒரு பக்கம் சேர்க்கவேண்டும் என்று கேட்கிறேன். அப்பக்கத்தில் நான்கு விடைகள் இருக்கட்டும்: தரவின் அட்டவணைகளும் அவற்றின் உறவுகளும் எவை, கருத்து வேறுபாடு எங்கே பதிவாகும், பேசியவர் விலகினால் எது எது நீங்கும், சேவை மூடப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் முழுத் தரவையும் வேறிடத்தில் எழுப்ப முடியும். நான்காவதைச் சொல்லோடு விடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துகாட்டவேண்டும். இறக்கிய பிரதியை வேறு கணினியில் ஏற்றி, ஒரு வினவல் ஓட்டி, விடை அதேதானா என்று பார்க்கவேண்டும்.

நெறியாளர்களிடம் கேட்பது இதுதான்: மாணவர் ‘ஃபயர்பேஸ்’ என்று எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ‘போஸ்ட்கிரஸ்’ என்று எழுதினாலும் ஏன் என்று கேளுங்கள். விடை ‘எளிது’ என்பதாக இருந்தால் முன்மொழிவைத் திருப்பிக் கொடுங்கள்.

1960-க்கு முன் இவ்வூர்களில் வளர்ந்து, எல்லை தம்மைக் கடந்து போனதைக் கண்டவர்களுக்கு இன்று எழுபது வயதாவது ஆகியிருக்கும். அவர்களது பேச்சை இரண்டாம் முறை பதிவுசெய்ய வாய்ப்பு வராது. ‘ஊரு’ என்று அவர் சொன்னது எந்த மொழி என்று முப்பதாண்டு கழித்து ஒரு மாணவி கேட்பாள். அவளுக்கு விடை தெரிய வேண்டும், அல்லது குறைந்தது, நாம் மூவரும் அன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதாவது தெரிய வேண்டும்.

மறுப்புகளையும் மாற்று வடிவமைப்புகளையும் வரவேற்கிறேன். அட்டவணையோடு வாருங்கள்.